சுவரில் இருந்த நஞ்சு: பால்டிமோர் நகரச் சிறாரும் ஈயத் தடுப்புத் திட்டமும்

நோய்களின் வரலாற்றை எழுதுவோர், ஒரு நோயின் காரணம் கண்டறியப்பட்ட நாளையே அதன் திருப்புமுனையாகக் கொள்வது வழக்கம். வாந்திபேதிக்கு மாசுற்ற நீர், மலேரியாவுக்கு நுளம்பு எனக் காரணம் வெளிப்பட்டதும் தடுப்பு முயற்சியும் தானே தொடங்கிவிடுகின்றது என்ற எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. சிறாரிடையே ஏற்படும் ஈய நஞ்சேற்றத்தின் வரலாறு இவ்வெண்ணத்துக்கு இசைவதாயில்லை. அதன் காரணம் 1904ஆம் ஆண்டிலேயே வைத்திய ஏடொன்றில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டுவிட்டது. அதை ஏற்று ஒரு மாநிலம் 1922இல் சட்டமும் இயற்றியது. எனினும் உலகின் மிகுந்த செல்வம் படைத்த நாட்டில், பெயர்பெற்ற மருத்துவக் கல்லூரியொன்று அமைந்திருந்த நகரிலேயே, இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை குழந்தைகள் இந்நஞ்சுக்கு ஆளாகி வந்தனர். அறியாமை இதற்குக் காரணமன்று. தடுப்புத் திட்டம் எதைப் பார்க்கத் தொடங்கியது, எதைப் பாராது விட்டது என்பதிலேயே விடை தங்கியுள்ளது. திட்டம் குழந்தையின் குருதியை முதலிற் பார்த்தது. சுவரைப் பின்னரே பார்த்தது.

இங்கு சொல் பற்றிய ஒரு விளக்கம் வேண்டப்படும். தமிழ் வழக்கில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுதல் என்று கூறும்போது குறிக்கப்படுவது வெள்ளீயம். அது வேறு உலோகம். இக்கட்டுரை கூறும் ஈயம் காரீயமே. இதன் காபனேற்றுச் சேர்வை வெண்ணிறத் தூளாகும். ஆளி விதை எண்ணெயிற் குழைத்து மரத்திலும் சுவரிலும் பூசினால் அது நன்றாகப் பற்றிக்கொள்ளும். அடியிலுள்ள நிறத்தை மறைக்கும். மழைக்கும் வெயிலுக்கும் நெடுங்காலம் ஈடுகொடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் விற்கப்பட்ட சிறந்த வர்ணப்பூச்சுக்களில் எடையிற் பாதியும் அதற்கு மேலும் ஈயமாக இருந்ததுண்டு. அதை ‘ஈயவெள்ளை’ எனக் குறிப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

இந்நோய் சிறாரிடத்து முதன்முதல் தெளிவாக இனங்காணப்பட்டது அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்திலாகும். பிறிஸ்பேன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் 1890களின் தொடக்கத்தில் கால்கள் தளர்ந்தும், மணிக்கட்டுத் துவண்டும், வயிற்று வலியால் துடித்தும், சில வேளைகளிற் பார்வை மங்கியும் வந்த குழந்தைகளை ஜெஃபரிஸ் டேர்னர் முதலிய வைத்தியர்கள் கண்டனர். (வைத்தியத்தோடு அந்துப்பூச்சி ஆராய்ச்சியிலும் டேர்னர் புகழ்பெற்றவர், நுண்ணிய வேறுபாடுகளை நோக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில் வியப்பில்லை.) நோய் ஈயத்தால் வந்தது என்பது விரைவில் உறுதியாயிற்று. ஈயம் எங்கிருந்து வந்தது என்பதே விடைகாண வேண்டிய வினாவாயிருந்தது. கண் வைத்தியரான லொக்ஹார்ட் கிப்சன் 1904இல் அவ்வினாவுக்கு விடையளித்தார். குயீன்ஸ்லாந்தின் வீடுகள் மரத்தாலானவை. அகன்ற விறாந்தைகள் கொண்டவை. விறாந்தையின் கைபிடி அழிகளுக்குப் பூசிய ஈயவெள்ளை அந்நாட்டுக் கடும் வெயிலிற் காய்ந்து தூளாகின்றது. அழியைப் பிடித்து விளையாடும் குழந்தையின் விரல்களில் ஒட்டுகின்றது. விரல் சூப்பும் பழக்கமும் நகங் கடிக்கும் பழக்கமும் அதை வயிற்றுக்குட் சேர்க்கின்றன. கிப்சனின் இவ்விளக்கம் இன்றுவரை பெரிதும் மாற்றமின்றி நிற்கின்றது. அவர் கண்டது செதில்களை மட்டுமன்று. தூளையும் கண்டார் என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அத்தூள் பின்னர் எழுபது ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்தது.

கிப்சனும் அவரைச் சார்ந்தோரும் பதினெட்டு ஆண்டுகள் விடாது வாதாடியதன் பயனாக, 1922இல் குயீன்ஸ்லாந்து சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டது. குழந்தைகளின் கை எட்டும் இடங்களில் ஈயப்பூச்சைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. சிறாரின் பாதுகாப்புக்கென ஈயப்பூச்சுக்கு எதிராக எழுந்த முதற் சட்டமென இது பொதுவாகக் கருதப்படுகின்றது. இதற்கு ஓராண்டு முன்னர், 1921இல், சர்வதேசத் தொழிலமைப்பு கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈயவெள்ளையைத் தடைசெய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றியிருந்தது. அவ்வுடன்படிக்கையின் நோக்கம் பூச்சுத் தொழிலாளரைக் காப்பதேயாயினும், ஏற்றுக்கொண்ட நாடுகளில் அதனாற் குழந்தைகளும் பயனடைந்தனர். ஐக்கிய அமெரிக்கா அதனை ஏற்கவில்லை. அங்கு ஈயவெள்ளை உற்பத்தியாளர் தம் ‘டச் போய்’ என்னும் வணிகக் குறியில் ஒரு சிறுவனின் உருவத்தையே பொறித்து, பிள்ளைகளுக்கான வர்ணப் புத்தகங்களையும் விளம்பரமாக விநியோகித்துக்கொண்டிருந்தனர்.

பால்டிமோரின் வரலாறு இப்பின்னணியிலேயே நோக்கப்படவேண்டும். மேரிலாந்து மாநிலத்தின் துறைமுக நகரான அது, ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வரிசை வீடுகளுக்குப் பெயர்போனது. அவ்வீடுகளிற் பெருந்தொகையானவை ஈயவெள்ளை உச்ச நிலையில் இருந்த காலத்திற் கட்டப்பட்டவை. கட்டியவர்கள் வசதி பெருகியதும் புறநகர்களுக்குப் போயினர். வீடுகள் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. நிற ஒதுக்கல் ஓங்கியிருந்த அந்நகரில் கறுப்பின மக்கள் குடியிருக்கக் கிடைத்த பகுதிகள் சிலவே. அவற்றில் வாடகை கூடியது, பராமரிப்புக் குறைந்தது. பராமரிப்பற்ற வீட்டின் யன்னற் சட்டங்களிலிருந்து பூச்சு உதிர்ந்தது. ஆக, நஞ்சு பரவிய பாதையை இரசாயனம் மட்டும் வகுக்கவில்லை. வீட்டுடைமை முறையும் வகுத்தது.

கட்டிலின் அழியைக் கடித்த குழந்தையொன்று ஈயத்தால் நோயுற்ற செய்தியை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ், பிளாக்ஃபான் ஆகிய இருவர் 1914இல் வெளியிட்டனர். எனினும் நகர நிர்வாகத்தின் கண்ணைத் திறந்தது வேறொரு நிகழ்ச்சி. பொருளாதார மந்தம் கடுமையாயிருந்த 1932இல், பழம்பொருள் வணிகரிடமிருந்து இலவசமாகக் கிடைத்த மோட்டார் பற்றரிகளின் மரப் பெட்டிகளை ஏழைக் குடும்பங்கள் விறகாக எரித்தன. மரத்தில் ஊறியிருந்த ஈயம் புகையாகி வீட்டை நிறைத்தது. பல குழந்தைகள் நோயுற்றனர். நகரச் சுகாதார ஆணையாளராயிருந்த ஹண்டிங்டன் வில்லியம்ஸ் இதனைத் தொடர்ந்து 1935இல் ஒரு முக்கியமான ஒழுங்கைச் செய்தார். ஐயத்துக்குரிய குழந்தையின் குருதியை எந்த வைத்தியர் அனுப்பினாலும், சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடம் அதிலுள்ள ஈயத்தை இலவசமாக அளந்து கூறும் என்பதே அவ்வொழுங்கு. அக்காலத்தில் வேறெந்த அமெரிக்க நகரிலும் இத்தகைய வசதி இருக்கவில்லை.

இதன் விளைவு விசித்திரமானது. பால்டிமோரில் ஈய நோயாளரின் தொகை ஏனைய நகரங்களிலும் பார்க்க மிகக் கூடுதலாகப் பதிவாயிற்று. அந்நகரம் பிறவற்றிலும் நஞ்சு மிகுந்தது என்பதல்ல பொருள். அங்கு மட்டுமே தேடினர், ஆதலால் அங்கு மட்டுமே கண்டனர். இதனை வரலாற்றாசிரியர் எலிசபெத் ஃபீ நன்கு எடுத்துக்காட்டியுள்ளார். தேடாத நகரங்கள் தம்மிடம் நோயில்லை என்று மகிழ்ந்திருந்தன. பொதுச் சுகாதார நிர்வாகத்தில் நேர்மையான கணக்கு அதனைத் தந்தவனுக்கே பழியாக வருவது புதிதன்று.

வில்லியம்ஸின் திட்டம் நடைபெற்ற முறையைக் கவனித்தால் அதன் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படும். ஆய்வுகூடம் உயர்ந்த அளவொன்றைக் கண்டதும் தாதியொருவர் வீட்டுக்குச் செல்வார். தாய்க்கு அறிவுரை கூறுவார். பின்னர் சுகாதாரப் பரிசோதகர் சென்று பூச்சைச் சுரண்டி மாதிரி எடுப்பார். ஈயம் இருப்பின் வீட்டுச் சொந்தக்காரருக்குக் கட்டளை போகும். அவர் பணியாவிடின் வழக்குத் தொடரலாம். ஒவ்வொரு படியும் முறையாகவே அமைந்திருந்தது. ஆனால் முதற்படி எப்போதும் ஒரு குழந்தை நோயுறுவதாக இருந்தது. பக்கத்து வீட்டை, அதே ஆண்டில் அதே மேத்திரியார் கட்டிய, அதே சொந்தக்காரருக்குரிய வீட்டைப் பரிசோதிப்பதற்கு அங்கும் ஒரு குழந்தை நோயுறும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

1951இல் பால்டிமோர் மாநகரம் வீடுகளின் உட்புறத்துக்கு ஈயம் கலந்த பூச்சைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. அமெரிக்க நகரொன்று இவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. ஆயினும் சட்டம் இனிப் பூசப்படவிருந்ததைப் பற்றியே பேசியது. ஏற்கெனவே சுவரில் இருந்ததைப் பற்றிப் பேசவில்லை. உற்பத்தியாளரோ 1955இல் உட்புறப் பூச்சில் ஈயம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாதென்ற நியமத்துக்குத் தாமாக இசைந்து, பிரச்சினை தீர்ந்தது என்றனர். எஞ்சிய நோய்க்குச் சேரி வாழ்க்கையும், பிள்ளையைக் கவனியாத தாயும், மண்ணையும் சுண்ணாம்பையும் தின்னும் பிள்ளையின் கெட்ட பழக்கமுமே காரணமென அவர்களின் சங்கம் வாதித்தது. தவழும் பருவத்துக் குழந்தை கைக்கு அகப்பட்டதை வாயில் வைப்பது எல்லா நாட்டிலும் எல்லாக் குலத்திலும் உள்ளதே. அதைக் குற்றமாகக் கொண்ட வாதம் பல ஆண்டுகள் செல்லுபடியாகியது என்பது, குற்றஞ்சாட்டப்பட்ட தாய்மார் எவ்வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கொண்டே விளங்கத்தக்கது.

இதே காலத்தில் வைத்தியத் துறையில் உண்மையான முன்னேற்றம் ஏற்பட்டது. உலோகத்தைப் பற்றிப் பிடித்துச் சிறுநீர் வழி வெளியேற்றும் மருந்துகள் 1940களின் பிற்பகுதி முதல் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஜோன்ஸ் ஹொப்கின்ஸைச் சேர்ந்த ஜூலியன் சிசம் அவற்றை இணைத்துக் கொடுக்கும் முறையை வகுத்தார். மூளை வீங்கி வலிப்பு வந்த குழந்தைகளிற் பலர் முன்னர் இறந்தனர். இம்மருந்துகளின் பின் சாவு பெரிதும் குறைந்தது. ஆனால் பிழைத்த குழந்தை திரும்பிச் சென்றது எங்கே? பெரும்பாலும் புறப்பட்ட அதே வீட்டுக்குத்தான். சில மாதங்களில் மீண்டும் வைத்தியசாலைக்கு வந்த குழந்தைகள் பலர். சிசம் தம் வாழ்நாளின் பிற்பகுதியை மருந்திலிருந்து வீட்டுக்குத் திருப்பியமைக்கு இவ்வனுபவமே காரணம் எனலாம்.

பிழைத்தவர்களின் நிலை பற்றியும் ஐயம் எழுந்திருந்தது. பொஸ்டனில் பையர்ஸ், லோர்ட் ஆகிய இருவர் ஈயத்தால் நோயுற்றுக் ‘குணமடைந்த’ 20 குழந்தைகளைப் பின்தொடர்ந்து சென்று, அவர்களில் ஒருவரே பள்ளிக்கூடத்திற் சரிவர முன்னேறியதாக 1943இல் எழுதினர். மற்றையோர் படிப்பில் தவறியும் கட்டுக்கடங்காது நடந்தும் வந்தனர். குருதியில் ஈயம் குறைந்தமையைக் குணமென்று பதிவுசெய்த கணக்கு, வகுப்பறையிற் பொய்த்துப் போயிற்று.

எத்துணை ஈயம் இருந்தால் நோய் என்பது ஒரு நிர்வாக வினாவுமாகும். 1960களில் 100 மில்லிலீற்றர் குருதியில் 60 மைக்கிரோகிராம் என்பதே எல்லையாகக் கொள்ளப்பட்டது. அதற்குக் கீழுள்ள குழந்தை சுகமானது. அதன் வீட்டுக்குப் பரிசோதகர் போகவேண்டியதில்லை. 1970இல் எல்லை 40 ஆயிற்று. 1975இல் 30, 1985இல் 25, 1991இல் 10. 2012இல் ‘எல்லை’ என்ற சொல்லே கைவிடப்பட்டு, 5 என்பது ஒப்புநோக்கும் அளவாக மட்டும் வைக்கப்பட்டது. 2021இல் அது 3.5 ஆயிற்று. தீங்கற்ற அளவென ஒன்றும் கண்டறியப்படவில்லை என்பதே இப்போதைய நிலைப்பாடு. ஒவ்வொரு முறையும் இலக்கம் இறங்கியபோது, முதல் நாள் மாலைவரை சுகதேகிகளாயிருந்த குழந்தைகள் இலட்சக்கணக்கில் மறுநாட் காலை நோயாளராயினர். குழந்தைகளில் மாற்றமில்லை, ஏட்டிற்றான் மாற்றம். எனவே இலக்கத்தை இறக்குவதில் விஞ்ஞானத்தோடு செலவும் பேசப்பட்டது. எல்லையை இறக்கினால் தாதிமார் எத்தனை பேர் வேண்டும், பரிசோதகர் எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கும் உடன் வந்தது.

இவ்வினாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தோர் அதிகாரிகள் அல்லர். சிக்காகோவின் மேற்குப் பகுதியில் 1965ஐ ஒட்டித் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் சிறுநீர் மாதிரிகளைச் சேர்த்தனர். மறு ஆண்டு அந்நகரம் பெருமளவிலான பரிசோதனையைத் தொடங்கிற்று. நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் 1969இல் ‘யங் லோர்ட்ஸ்’ என்ற புவேட்டோரிக்க இளைஞர் அமைப்பினர், சுகாதாரத் திணைக்களத்திற் பயன்படாமற் கிடந்த பரிசோதனைப் பொருட்களைப் போராடிப் பெற்றுத் தாமே கதவுகளைத் தட்டினர். இத்தகைய கிளர்ச்சிகளின் பின்னணியில் 1971 ஜனவரியில் ஈயப்பூச்சு நஞ்சேற்றத் தடுப்புச் சட்டம் மத்தியில் நிறைவேறியது. நகரத் திட்டங்களுக்கு மத்திய அரசின் பணம் கிடைத்தது; சட்டம் அனுமதித்த தொகையிலும் மிகக் குறைவாகவே கிடைத்தது என்பதும் உண்மை. பத்தாண்டுகளில் சுமார் 40 இலட்சம் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டு, இரண்டரை இலட்சம் அளவினர் நஞ்சேறியோராகக் காணப்பட்டனர். வீடுகளுக்கான பூச்சில் ஈயம் 1978இல் நூற்றுக்கு 0.06 என்ற அளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. அதாவது குயீன்ஸ்லாந்துச் சட்டத்துக்கு 56 ஆண்டுகள் பின்னர்.

1981இல் ரீகன் அரசாங்கம் இத்திட்டத்துக்கெனத் தனியாக இருந்த நிதியை ஒழித்து, தாய் சேய் நலத்துக்கான பொது மானியத்தோடு கலந்துவிட்டது. பல நகரங்களில் திட்டம் சுருங்கியது. நாடு முழுவதுக்குமான கணக்கும் நின்றது. கணக்கு நின்றபின் பிரச்சினையும் ஓய்ந்ததாகத் தோன்றியதில், பால்டிமோரின் 1935ஆம் ஆண்டு அனுபவம் தலைகீழாக மீண்டும் நிகழ்ந்தது.

இடையில் வேறொரு வழியால் பெருவெற்றியொன்று கிட்டியிருந்தது. 1976 முதல் 1980 வரை நடந்த தேசிய ஆய்வொன்றில், ஒன்று முதல் ஐந்து வயதுவரையான அமெரிக்கக் குழந்தைகளில் நூற்றுக்கு 88 பேரின் குருதியில் ஈயம் 10 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ இருந்தது. 1991 முதல் 1994 வரையான ஆய்வில் அது நூற்றுக்கு 4.4 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியிற் பெரும்பங்கு பெற்றோலில் ஈயம் கலப்பதைப் படிப்படியாக நிறுத்தியதாற் கிடைத்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் எண்ணக்கூடியன. அவற்றின் வாயிலிற் கட்டளையிட்டால் நாடெங்கும் காற்று மாறும். எந்தக் குழந்தையின் விரலும் குத்தப்படவேண்டியதில்லை, எந்தத் தாயும் விசாரிக்கப்படவேண்டியதில்லை. (இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது.) சுவர்களின் கதை வேறு. அவை கோடிக்கணக்கானவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அதே 1991–1994 ஆய்வில், 1946க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் வாழ்ந்த கறுப்பினக் குழந்தைகளில் நூற்றுக்கு 21.9 பேர் இன்னும் 10 மைக்கிரோகிராம் எல்லையை எட்டியோ தாண்டியோ இருந்தனர். சராசரி இறங்கியபோது நோய் தன் பழைய தெருக்களுக்குள் ஒதுங்கிக்கொண்டது.

தீங்கு சிறு அளவிலும் உண்டு என்பதற்கு வலிமையான சான்று 1979இல் வந்தது. ஹேர்பர்ட் நீடில்மன் பொஸ்டனை அடுத்த செல்சி, சொமர்வில் ஆகிய ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பாற்பற்களைச் சேகரித்தார். குருதி சில வாரங்களின் கதையையே கூறும்; பல் பல ஆண்டுகளின் கதையைக் கூறும். பல்லில் ஈயம் மிகுந்த 58 பிள்ளைகளை ஈயம் குறைந்த 100 பிள்ளைகளுடன் ஒப்பிட்டபோது, நோயின் அறிகுறி எதுவுமின்றியே முன்னையோர் அறிவுத்திறனிலும் கவனத்திலும் பின்தங்கியிருந்தனர். உற்பத்தியாளர் சார்பானோர் அவருடைய நேர்மையையே ஐயுற்று முறைப்பாடு செய்தனர். விசாரணைகளின் பின்னும் முடிவு நிலைத்தது.

இனி, சுவரைத் திருத்திய முறையைக் காணலாம். திட்டத்தின் உள்முரண் இங்கேதான் முற்றாக வெளிப்பட்டது. கட்டளை பெற்ற சொந்தக்காரர் கூலியாள் ஒருவரை அனுப்புவார். அவர் ஊதுவிளக்கால் பூச்சைச் சுட்டு, அல்லது இயந்திரத்தால் தேய்த்து, குழந்தையின் கை எட்டும் உயரம்வரை அகற்றுவார். பெருக்கிவிட்டுப் போவார். பரிசோதகர் வந்து சுவர் வெறுமையாயிருப்பதைக் கண்டு கோப்பை மூடுவார். 1980களில் பால்டிமோரில் சிசமும் மார்க் ஃபார்ஃபெலும், திருத்திய வீடுகளின் தரையிலும் யன்னல்களிலும் இருந்த தூசைத் துணியால் துடைத்தெடுத்து அளந்தனர். வேலைக்குப் பின் தூசில் ஈயம் முன்பிருந்ததிலும் பன்மடங்கு கூடியிருந்தது. திரும்பி வந்த குழந்தைகளின் குருதியிலும் ஈயம் ஏறியது. 1990இல் அச்சான இம்முடிவின்படி, அரை நூற்றாண்டாகத் தடுப்பென்று நடந்த வேலை பல வீடுகளில் நஞ்சை மேலும் பரப்பியிருந்தது. கிப்சன் 1904இற் கூறிய தூள் மீண்டும் நினைவுக்கு வந்தது.

தூசே முதன்மையான வழி என்பதற்குப் பால்டிமோரிலேயே முன்னரும் ஒரு சான்று கிடைத்திருந்தது. சார்னி என்பவரும் பிறரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதி வீடுகளுக்குப் பணியாளர் மாதம் இருமுறை சென்று ஈரத்துணியால் தரையையும் யன்னற் குழிகளையும் துடைத்தனர். ஓராண்டில் அவ்வீட்டுக் குழந்தைகளின் சராசரி ஏறத்தாழ 39இலிருந்து 32 மைக்கிரோகிராமாக இறங்கியது; மற்றையோரிடம் மாற்றம் அரிதாகவே இருந்தது. ஒரு வாளி நீரும் துணியும் மருந்துக்கு நிகராகப் பயன்பட்டமை வியப்புக்குரியதே. எனினும் 32 என்பது அக்கால எல்லைக்கும் மேற்பட்டதே.

முற்றாக நீக்குவதற்குச் செலவு மிகுதி. பால்டிமோரின் பழைய வீடுகள் பலவற்றில் அச்செலவு வீட்டின் விலையையே தாண்டியது. கட்டாயப்படுத்தினால் சொந்தக்காரர் வீட்டைக் கைவிடுவர்; குடியிருந்தோர் தெருவுக்கு வருவர் அல்லது அதனிலும் இழிந்த வீட்டுக்குப் போவர். இந்நிலையில் ஹொப்கின்ஸுடன் இணைந்த கென்னடி கிரீகர் நிறுவனம் 1990களின் முற்பகுதியில் ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டது. குறைந்த, நடுத்தர, கூடிய செலவில் மூன்று நிலைகளாக வீடுகளைப் பகுதியளவிற் திருத்தி, அவற்றில் வாழும் குழந்தைகளின் குருதியையும் வீட்டுத் தூசையும் ஈராண்டுகள் அளந்து, எவ்வளவு திருத்தம் போதும் எனக் காண்பது அதன் நோக்கம். சில வீடுகளில் இளங்குழந்தை உள்ள குடும்பங்களைக் குடியமர்த்துமாறு சொந்தக்காரர் ஊக்குவிக்கப்பட்டனர்.

இரு குடும்பங்கள் வழக்குத் தொடர்ந்தன. தூசின் அளவு தமக்கு உரிய நேரத்தில் அறிவிக்கப்படவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. கீழ்நீதிமன்றங்கள், ஆராய்ச்சியாளருக்கு அக்குழந்தைகள்பாற் சட்டக் கடமை இல்லையென வழக்கைத் தள்ளின. மேரிலாந்தின் உயர் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் அத்தீர்ப்பை மாற்றி, கடமை இருக்கலாம் என்றும் வழக்கு விசாரிக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. சுரங்கத்தின் நச்சுக்காற்றை அறியக் கூண்டிற் கொண்டுசெல்லப்படும் குருவியோடு அக்குழந்தைகளை ஒப்பிட்ட அந்நீதிமன்றம், கறுப்பினத்தவரின் மேகநோயைச் சிகிச்சையின்றி விட்டுப் பார்த்த டஸ்கீகி ஆராய்ச்சியையும் நினைவூட்டியது.

ஆராய்ச்சியாளரின் மறுமொழி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அக்குழந்தைகள் ஆராய்ச்சியில் சேராவிடின் எந்தத் திருத்தமும் அற்ற வீட்டிலேயே வாழ்ந்திருப்பர். நகரில் அத்தகைய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பங்குகொண்ட பெரும்பாலான குழந்தைகளின் குருதியில் ஈயம் கூடவில்லை, குறையவே செய்தது. சிசமும் ஃபார்ஃபெலும் இக்குழந்தைகளுக்காகப் பிறரெவரிலும் கூடுதலாக உழைத்தோர் என்பதும் மறுக்கமுடியாதது. எனினும் நீதிமன்றம் சுட்டிய முறைமையை அவ்வாராய்ச்சி புதிதாகப் படைக்கவில்லை என்பதே வரலாற்று நோக்கில் முக்கியமானது. சுவரின் நஞ்சைக் குழந்தையின் குருதியால் அறிவது 1935இலிருந்தே நகரின் நடைமுறை. அன்றாட நிர்வாகத்தில் எவர் கண்ணையும் உறுத்தாதது, ஆராய்ச்சித் திட்டமாக எழுதப்பட்டபோது உறுத்தியது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, ஒன்றில் அதற்கு ஒப்புதல் பத்திரம் இருந்தது என்பது மட்டுமே.

அதே 2001இல் மருந்தின் எல்லையும் தெளிவாயிற்று. பால்டிமோர் உட்பட நான்கு நகரங்களில், குருதியில் 20 முதல் 44 மைக்கிரோகிராம் ஈயம் இருந்த 780 குழந்தைகளிற் ஒரு பகுதியினருக்கு சக்சிமர் என்னும் மருந்தும், மற்றையோருக்கு வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. மருந்து குருதியில் ஈயத்தைக் குறைத்தது; அறிவுத்திறனில் எந்த நன்மையும் தோன்றவில்லை. எலும்பிற் சேர்ந்த ஈயம் மெல்லமெல்லக் குருதிக்குத் திரும்புகின்றது. வளரும் மூளையில் நேர்ந்தது திரும்புவதில்லை. குழந்தையைக் கண்டுபிடித்தபின் திட்டம் செய்யக்கூடியது மிகச் சிலவே என்பது இதனால் உறுதிப்பட்டது. அச்சிலவற்றுக்காகக் கண்டுபிடிப்பதும் ஒழுங்காக நடக்கவில்லை: ஏழைகளுக்கான அரச வைத்திய உதவி பெறும் குழந்தைகள் யாவரும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்ற விதி இருந்தும், அவர்களிற் பெரும்பாலோர் பரிசோதிக்கப்படவேயில்லை என 1990களின் இறுதியில் அரச கணக்காய்வாளர் அறிவித்தனர்.

வீட்டை முன்வைக்கும் சட்டங்கள் தாமதித்தே வந்தன. மேரிலாந்து 1994இல் இயற்றிய சட்டம் 1950க்கு முந்திய வாடகை வீடுகளைப் பதிவுசெய்யவும், குடியிருப்போர் மாறும் ஒவ்வொரு முறையும் உதிரும் பூச்சைத் திருத்தவும் சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்தியது. கைம்மாறாக, விதிகளைப் பின்பற்றியவர் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு 17,000 டொலர் வரையான தொகையை முன்வந்து அளித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம் என்றது. வாழ்நாள் முழுவதும் குன்றிய அறிவுக்கு இத்தொகை ஈடாகாது என்ற காரணத்தால் 2011இல் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அவ்விலக்கைச் செல்லாதாக்கியது. திருத்தும் கடமை நிலைத்தது. 2015 முதல் அது 1978க்கு முந்திய வாடகை வீடுகளுக்கும் விரிந்தது.

நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரம் இன்னும் ஒரு படி சென்றது. ஊரவர் கூட்டணியொன்றின் பல ஆண்டு முயற்சியின் பின் 2005 டிசெம்பரில் நிறைவேறி, 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி, வாடகை வீட்டுக்கான குடியிருப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கும் வழமையான பரிசோதனையிலேயே ஈயமும் பார்க்கப்படுகின்றது. எவரும் முறையிடவேண்டியதில்லை, எக்குழந்தையும் நோயுறவேண்டியதில்லை. உதிர்ந்த பூச்சு கண்ணுக்குத் தெரியாவிடினும், நோய் மிகுந்த பகுதிகளில் தரையிலும் யன்னலிலும் தூசு துடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படுகின்றது. வீடுகள் கைவிடப்படும், வாடகை தாங்கமுடியாதவாறு ஏறும் என்ற எச்சரிக்கைகள் பெருமளவிற் பொய்த்தன. பரிசோதகர்கள் முன்பே வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களின் பையில் ஒரு துணித்துண்டும் மூடியுள்ள குப்பியும் கூடுதலாகச் சேர்ந்தன.

2018இலும் 2019இலும் நடந்த தேசிய வீட்டாய்வின் மதிப்பீட்டில், ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 3 கோடியே 46 இலட்சம் வீடுகளில் ஈயப்பூச்சு இன்னும் இருந்தது. ரொச்செஸ்டர் முறை அவற்றில் வாடகைக்கு விடப்பட்டவற்றின் ஒரு சிறு பகுதியையே எட்டியிருந்தது. ஏனையவற்றில் பரிசோதகர் வருவது, வைத்தியரிடமிருந்து ஓர் இலக்கம் வந்த பின்னரே.